உங்கள் பிள்ளையின் ஆங்கிலத்துக்குக் கணினி புள்ளி போடும்போது

ஊருக்குத் திரும்பி வந்த குடும்பங்கள் எமது தகவல் மேசையில் கேட்கும் கேள்விகளில் காணி, வீடு, அடையாள அட்டை ஆகியவற்றுக்கு அடுத்ததாகப் பிள்ளைகளின் படிப்பு வரும். படிப்பென்று பேச்செடுத்தால் ஆங்கிலமும் கூடவே வரும். அண்மைக் காலமாக அதனுடன் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "போனில் பேசச் சொன்னார்கள். பிள்ளை பேசினது. கொஞ்ச நேரத்தில் புள்ளி வந்துவிட்டது. அந்தப் புள்ளியைப் போட்டது யார்? அதை நம்பலாமா?"

அந்தக் கேள்விக்கு விடை தருவதே இந்தப் பகுதியின் நோக்கம். செயற்கை நுண்ணறிவு என்று சொல்லப்படும் கணினி முறை ஆங்கிலம் கற்பவர்களை எப்படி மதிப்பிடுகிறது, எதைச் சரியாகச் செய்கிறது, எங்கே தவறுகிறது, தவறினால் நீங்கள் என்ன செய்யலாம் என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உங்களுக்குக் கணினி அறிவு தேவையில்லை. ஆறுதலாக வாசியுங்கள், பிள்ளைக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

எங்கெல்லாம் இதைச் சந்திப்பீர்கள்?

மூன்று இடங்களில் இது உங்கள் வீட்டுக்கு வரலாம்.

முதலாவது, வகுப்புப் பிரிக்கும் சோதனை. இலவச ஆங்கில வகுப்புகள், தொழிற்பயிற்சி நிலையங்கள், தனியார் ரியூட்டரிகள் சிலவற்றில், வந்து சேரும் மாணவரை எந்த மட்டத்தில் இருத்துவது என்று அறியக் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். முடிவு பெரும்பாலும் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்ற ஆறு படிகளில் ஒன்றாக வரும். இது ஐரோப்பிய சபை 2001இல் வெளியிட்ட அளவுகோல். ஏ1 என்பது தொடக்க நிலை. சி2 என்பது மிக உயர்ந்த நிலை.

இரண்டாவது, வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் எடுக்கும் பரீட்சைகள். எல்லாப் பரீட்சையும் ஒரே விதமாகத் திருத்தப்படுவதில்லை. ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் பேச்சுப் பகுதிக்கு ஒரு மனிதப் பரீட்சகருடன் 11 முதல் 14 நிமிடம் வரை உரையாட வேண்டும். பி.ரி.ஈ. பரீட்சையில் கணினி முன் இருந்து ஒலிவாங்கியில் பேச வேண்டும். புள்ளியிடும் வேலையைப் பெரும்பாலும் கணினியே செய்கிறது. டியுவோலிங்கோ ஆங்கிலப் பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம். அதற்கும் புள்ளி போடுவது கணினிதான். டோபல் பரீட்சையில் பேச்சையும் எழுத்தையும் மதிப்பிட மனிதரும் கணினியும் சேர்ந்து பயன்படுத்தப்பட்டு வந்திருக்கிறார்கள்.

மூன்றாவது, வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்கள். தொலைபேசிச் சேவை நிலையங்கள் போன்றவற்றில் நேர்முகப் பரீட்சைக்கு முன்னரே பேச்சுச் சோதனை ஒன்றைக் கணினி நடத்துவதுண்டு.

இது நேற்று முளைத்த யோசனையல்ல. கட்டுரைகளுக்குக் கணினியால் புள்ளி போட முடியும் என்று அமெரிக்கப் பேராசிரியர் எலிஸ் பேஜ் 1966இலேயே எழுதினார். 1999இல் வணிக மேற்படிப்புக்கான ஒரு பெரிய நுழைவுப் பரீட்சையில் கட்டுரை திருத்தும் வேலையில் கணினியும் சேர்க்கப்பட்டது. இன்று வேறுபாடு ஒன்றுதான்: அந்தக் கருவி இப்போது உங்கள் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது.

கணினி எப்படிப் புள்ளி போடுகிறது?

நெல் விற்றவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு நெல் கொண்டுபோனால் ஈரப்பதன் மானியில் ஒரு பிடி நெல்லைப் போட்டுப் பார்ப்பார்கள். 14 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் பேச்சு வேறு. அந்த மானிக்கு உங்கள் வயல் தெரியாது. சோறு ருசியாக இருக்குமா என்பதும் தெரியாது. அது ஒன்றை மட்டும் அளக்கிறது. அதுவும் முன்கூட்டியே சரிபார்த்து வைத்த ஓர் அளவுக்கு எதிராக அளக்கிறது.

ஆங்கிலம் அளக்கும் கணினியும் இப்படித்தான். அதன் வேலை மூன்று படிகளில் நடக்கிறது.

முதற்படியில் பிள்ளையின் குரலைக் கேட்டு அதை எழுத்தாக மாற்றுகிறது. எழுத்துச் சோதனையானால் இந்தப் படி தேவையில்லை.

இரண்டாம் படியில் பல விடயங்களை எண்ணுகிறது. ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்கள், எத்தனை இடத்தில் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, ஒலிகள் எவ்வளவு தெளிவு, எத்தனை விதமான சொற்கள், வாக்கியம் எவ்வளவு நீளம், இலக்கணப் பிழை எத்தனை என்று கணக்கெடுக்கிறது.

மூன்றாம் படியில் இந்த எண்களை, மனிதப் பரீட்சகர்கள் முன்னர் புள்ளி போட்டு வைத்த ஏராளமான மாதிரிகளுடன் ஒப்பிடுகிறது. "இப்படிப் பேசியவர்களுக்குப் பரீட்சகர்கள் இத்தனை புள்ளி கொடுத்தார்கள், ஆகவே இவருக்கும் ஏறக்குறைய இத்தனை கொடுத்திருப்பார்கள்" என்று ஊகிக்கிறது.

இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்திருங்கள். கணினி தருவது ஓர் ஊகம். நல்ல மாதிரிகளைக் கொண்டு செய்தால் நல்ல ஊகம். உங்கள் பிள்ளையைப் போன்றவர்களின் குரல் அந்த மாதிரிகளில் குறைவாக இருந்தால் ஊகம் பிழைக்க இடமுண்டு.

சில சோதனைகள் பிள்ளையின் விடையைப் பார்த்துக் கேள்வியை மாற்றும். சரியாக விடை சொன்னால் அடுத்தது கடினமாக வரும். பிழைத்தால் இலகுவாக வரும். ஆகவே போகப் போகக் கேள்விகள் கடினமாகின்றன என்றால் பிள்ளை நன்றாகச் செய்கிறது என்பதே பொருள். "எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று இடையில் எழுந்துவிடும் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இதில் நன்மையும் உண்டு

இந்தக் கருவிகளை முழுதாக ஒதுக்க வேண்டியதில்லை. பேச்சுக்குப் புள்ளி போடத் தெரிந்த ஆசிரியர் இல்லாத ஊரிலும் இதைப் பயன்படுத்தலாம். கணினி களைப்பதில்லை. காலையில் முதலாவதாக வந்தவருக்கும் பின்னேரம் கடைசியாக வந்தவருக்கும் ஒரே அளவுகோலைத்தான் வைக்கிறது. பிள்ளையின் சாதியையோ, சமயத்தையோ, சட்டையையோ, எந்த முகாமிலிருந்து வந்தது என்பதையோ அது கேட்பதில்லை. ஆட்கள் முன் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளை ஒன்று போனுடன் தனியே இருந்து பத்துத் தடவை பேசிப் பழகலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

பயிற்சிக்கு இது நல்ல துணை. ஆனால் ஒரு பிள்ளையின் வகுப்பையோ வேலையையோ விசாவையோ தீர்மானிக்கும் இடத்தில் அது வந்து நிற்கும்போதுதான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

எங்கே தவறுகிறது?

1. உச்சரிப்பு

சாகாமத்துக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் திரும்பியவர்களில் சிலர் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து வந்தவர்கள். சிலர் மட்டக்களப்பு, அக்கரைப்பற்று என்று உறவினர் வீடுகளில் இருந்து வந்தவர்கள். ஒரே வகுப்பில் ஒரு பிள்ளை "ரீச்சர்" என்று கூப்பிடும். பக்கத்துப் பிள்ளை "டீச்சர்" என்று கூப்பிடும். இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல். இரண்டையும் ஆசிரியர் விளங்கிக்கொள்வார். கணினிக்கு எந்த ஒலி பழக்கமோ அதுவே "தெளிவு" என்று கணக்காகும்.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட எவருக்கும் சில ஒலிகள் பொதுவாகவே சிக்கல் தரும். ஆங்கிலத்தில் இரண்டு வெவ்வேறு எழுத்துகளுக்கு நாம் "வ" என்ற ஓர் ஒலியையே சொல்கிறோம். மின்விசிறியைப் "பேன்" என்கிறோம். "ஸ்கூல்" என்பதற்கு முன்னால் ஓர் "இ" போட்டு "இஸ்கூல்" என்கிறோம். இவை கேட்பவருக்கு விளங்காத பிழைகளல்ல. ஆனால் கணினி இவற்றை வேறு சொல்லாகப் பதிந்துகொண்டால் இலக்கணத்திலும் பொருளிலும் கூடப் பிழை பிடித்துவிடும். ஒரு பிழை மூன்று இடத்தில் எண்ணப்படும்.

2. ஊர்ப் பெயரும் ஆட்பெயரும்

"நீ எங்கே இருக்கிறாய்?" என்பது எல்லாச் சோதனையிலும் வரக்கூடிய கேள்வி. பிள்ளை சரியான ஆங்கிலத்தில் "நான் சாகாமத்தில் இருக்கிறேன்" என்று சொல்லும். கணினி தனக்குத் தெரியாத பெயரைத் தனக்குத் தெரிந்த ஏதோவோர் ஆங்கிலச் சொல்லாக எழுதிக்கொள்ளக் கூடும். திருக்கோவில், தம்பிலுவில், அட்டாளைச்சேனை, சாய்ந்தமருது என்ற பெயர்களுக்கும் இதே கதி நேரலாம். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பெயரைச் சொன்னதும் "அது ஒரு சிறிய கிராமம், ஒரு பெரிய குளத்துக்கு அருகில் உள்ளது" என்பதுபோல ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள். அந்த வாக்கியம் கணினிக்கு விளங்கும்.

3. மௌனம்

இதுதான் எங்களுக்கு மிகவும் கவலை தருவது. பேச்சுச் சோதனைகளில் "உனது வீட்டைப் பற்றிச் சொல்", "மறக்க முடியாத ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்", "சிறு வயதில் நடந்த ஒன்றைச் சொல்" என்ற தலைப்புகள் வரும். வேறொரு பிள்ளைக்கு இது இலகுவான கேள்வி. வீடு இழந்து, பல இடம் மாறி வந்த பிள்ளைக்கு இது கனமான கேள்வி. பிள்ளை நின்று யோசிக்கும், குரல் தணியும், சில வேளை பேச்சே நின்றுவிடும். முன்னால் ஓர் ஆசிரியர் இருந்தால் அதன் முகத்தைப் பார்த்து, வேறு கேள்வி கேட்பார். கணினி அந்த மௌனத்தை "சரளமில்லை" என்று எண்ணிக் கழித்துவிடும். பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று முடிவு வரும். உண்மையில் தடுத்தது ஆங்கிலமல்ல.

ஆகவே பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: சோதனை கேட்பது உன் ஆங்கிலத்தை, உன் வாழ்க்கையை அல்ல. பயணம் என்றால் கல்முனைக்குப் பஸ்ஸில் போனதைச் சொல்லலாம். வீடு என்றால் மாமி வீட்டைச் சொல்லலாம். சொல்ல விரும்பாததைச் சொல்ல வேண்டியதில்லை. இப்படி இரண்டு மூன்று கதைகளை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தி வைப்பது ஏமாற்று அல்ல, எல்லோரும் செய்வதுதான். ஆனால் எழுதி மனனம் செய்து ஒப்புவிக்க வேண்டாம்; மனனப் பேச்சுக்குப் புள்ளி குறையலாம்.

4. கருவியும் இடமும்

மழை தகரத்தில் விழும் சத்தம், பக்கத்து வீட்டு வானொலி, பழுதான ஒலிவாங்கி, அறுந்து அறுந்து வரும் இணைப்பு ஆகிய எல்லாம் புள்ளியைக் குறைக்கும். நகரத்தில் நல்ல அறையில் இருந்து பேசியவரின் ஆங்கிலமும் உங்கள் பிள்ளையின் ஆங்கிலமும் ஒரே தரமாக இருந்தாலும் புள்ளி வேறுபடலாம்.

இது வெறும் சந்தேகமல்ல

கணினி பேச்சை விளங்கிக்கொள்வதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டென்பது ஆராய்ந்து கண்ட விடயம். 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறியும் கருவிகள் சோதிக்கப்பட்டன. வெள்ளையர் பேசியதில் நூறு சொல்லுக்குச் சராசரியாக 19 சொற்களையும், கறுப்பினத்தவர் பேசியதில் 35 சொற்களையும் அவை பிழையாக எழுதின. இரு சாராருக்கும் ஆங்கிலமே தாய்மொழி என்பதைக் கவனியுங்கள்.

2017இல் அயர்லாந்தைச் சேர்ந்த கால்நடை வைத்தியர் ஒருவர் அவுஸ்திரேலியாவில் தங்குவதற்காகப் பி.ரி.ஈ. பரீட்சை எழுதினார். ஆங்கிலம் அவரது தாய்மொழி. இரண்டு பட்டங்களை ஆங்கிலத்திலேயே பெற்றவர். பேச்சுப் பகுதியில் அவருக்கு வேண்டியிருந்தது 79. கணினி போட்டது 74. பரீட்சை நடத்தும் நிறுவனம் தமது முறையில் குறையில்லை என்று சொன்னது. அவரோ வேறு வழி தேட வேண்டியதாயிற்று. எனவே உங்கள் மகனுக்கோ மகளுக்கோ புள்ளி குறைந்தால் அதை ஒரு குறைபாடாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஒடுங்க வேண்டாம்.

எழுத்திலும் ஒரு பொறி இருக்கிறது. மாணவர் எழுதியதை அவரே எழுதினாரா, கணினியிடம் கேட்டு வாங்கினாரா என்று "கண்டுபிடிக்கும்" கருவிகள் வந்திருக்கின்றன. 2023இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோபல் பரீட்சைக்காகத் தாமே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சராசரியாக அவற்றில் 61 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றைக் கணினி எழுதியது என்று கருவிகள் பிழையாகச் சொல்லின. அமெரிக்கப் பாடசாலை மாணவர் எழுதியவற்றை ஏறக்குறையச் சரியாகவே இனங்கண்டன. காரணம் எளிது: புதிதாக ஆங்கிலம் கற்பவர் தெரிந்த சில சொற்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார். அடுத்து என்ன சொல் வரும் என்று ஊகிக்க முடிகிற எழுத்தைக் கருவி "கணினி எழுத்து" என்று எண்ணிவிடுகிறது.

இதற்குப் பாதுகாப்பு மிகச் சாதாரணமானது. கட்டுரை எழுதும்போது முதலில் கொப்பியில் கையால் எழுதப் பழக்குங்கள். வெட்டித் திருத்திய அந்தக் கொப்பியை எறிய வேண்டாம். யாராவது சந்தேகப்பட்டால் அதுவே பிள்ளையின் சாட்சி.

ஐக்கிய இராச்சியத்தில் நடந்தது

கணினி சொன்னதை ஓர் அரசாங்கம் மறு கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு அங்கே ஒரு பாடம் இருக்கிறது.

மாணவர் விசாவுக்கான டொயிக் என்ற ஆங்கிலப் பரீட்சையில் சில நிலையங்களில் ஆள்மாறாட்டம் நடந்ததை 2014இல் பிபிசி வெளிக்கொண்டு வந்தது. மோசடி நடந்தது உண்மை. அதன்பின் பரீட்சை நிறுவனம் குரலை அறியும் கணினி முறையையும், அதன் பின் குரலைக் கேட்டுச் சரிபார்க்க ஆட்களையும் வைத்துப் பழைய ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தது. 2011 முதல் 2014 வரை நடந்த 58,000க்கும் மேற்பட்ட பரீட்சைகளில் ஏறக்குறைய 34,000 செல்லாதவை என்றும், மேலும் 22,000க்கும் மேற்பட்டவை ஐயத்துக்குரியவை என்றும் முடிவு சொல்லப்பட்டது. அதை வைத்து உள்துறை அமைச்சு ஆயிரக்கணக்கான மாணவர்களின் விசாவை இரத்துச் செய்தது. பலர் தெற்காசியாவிலிருந்து போனவர்கள். பலர் தாமே பரீட்சை எழுதியதாகச் சொன்னார்கள், கேட்பாரில்லை. 2019இல் அந்நாட்டின் தேசிய கணக்காய்வு அலுவலகம் இதை ஆராய்ந்து, அந்த ஆதாரம் எவ்வளவு நம்பத்தக்கது என்று அமைச்சு போதிய அளவு பார்க்கவில்லை என்றும், சிலர் பிழையாகக் குற்றஞ்சாட்டப்பட்டிருக்கலாம் என்றும் கூறியது. விடாமல் வழக்காடிய பலர் மேன்முறையீட்டில் வென்றார்கள். ஆனால் அதற்குள் படிப்பும், பணமும், இளமையும் போய்விட்டன.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. குறுக்கு வழியில் "பாஸ் உறுதி" என்று சொல்லும் முகவரிடம் போகாதீர்கள். அவர் செய்யும் மோசடியின் விலையை நேர்மையாக எழுதியவர்களும் சேர்த்துக் கட்டுகிறார்கள். மற்றது, உங்கள் பரீட்சை தொடர்பான ஒவ்வொரு தாளையும் பாதுகாத்து வையுங்கள். வென்றவர்களிடம் இருந்தது தாள்களும் விடாமுயற்சியுமே.

பாடசாலை அனுமதிக்கும் இதற்கும் தொடர்பில்லை

திரும்பி வந்த பெற்றோர் சிலர், "ஆங்கிலப் புள்ளி குறைந்ததால் பிள்ளையைக் கீழ் வகுப்பில் போடுவார்களா?" என்று பயப்படுகிறார்கள். இலங்கையில் 5 முதல் 16 வயது வரை பிள்ளைகள் பாடசாலை செல்வது கட்டாயம். அரச பாடசாலையில் சேர்வதற்கு எந்தச் செயலியின் புள்ளியும் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழ், முன்னர் படித்த பாடசாலையின் விடுகைப் பத்திரம், வதிவிடத்தைக் காட்டும் ஆவணம் ஆகியவற்றுடன் அதிபரைச் சந்தியுங்கள். ஆவணம் ஏதேனும் தொலைந்திருந்தால் கிராம உத்தியோகத்தரையும் வலயக் கல்வி அலுவலகத்தையும் நாடுங்கள்.

க.பொ.த. சாதாரண தரம், உயர்தரம் ஆகியவற்றைப் பரீட்சைத் திணைக்களம் நடத்துகிறது. அங்கே கட்டுரை விடைகளைத் திருத்துபவர்கள் ஆசிரியர்கள். உயர்தரத்தில் வரும் பொது ஆங்கிலத்தின் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேர்க்கப்படுவதில்லை. அதற்காக ஆங்கிலத்தைக் கைவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் முதல் கொழும்பு வரை, பல கற்கைநெறிகள் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன.

தமிழ்நாட்டில் படித்து வந்த பிள்ளைகளுக்கு இன்னொரு விடயம். அங்கே ஆங்கிலம் முதலாம் வகுப்பிலிருந்தே பாடமாக உண்டு. இங்கே முதல் இரண்டு தரங்களில் செயற்பாட்டு வழியாகப் பேசிப் பழக்கி, தரம் 3இலிருந்து முறையான பாடமாகப் படிப்பிக்கிறார்கள். பாடநூலும் வேறு. எனவே உங்கள் பிள்ளை ஒரு பகுதியில் முன்னே நிற்கும், இன்னொரு பகுதியில் பின்னே நிற்கும். ஒற்றைப் புள்ளி இதைக் காட்டாது. ஆங்கில ஆசிரியர் அரை மணித்தியாலம் பேசிப் பார்த்தால் காட்டும்.

சோதனைக்கு முன்னர் செய்ய வேண்டியவை

1. இந்தச் சோதனைக்கு யார் புள்ளி போடுகிறார்கள், மனிதரா கணினியா என்று கேளுங்கள். இது கேட்கக்கூடாத கேள்வியல்ல.

2. முடிவு எதற்குப் பயன்படும் என்று கேளுங்கள். வகுப்புப் பிரிக்கவா, அனுமதி மறுக்கவா? முதலாவதென்றால் பதற்றம் வேண்டாம். இரண்டாவதென்றால் மீளாய்வுக்கு வழி இருக்கிறதா என்று பணம் கட்டுமுன் அறிந்துகொள்ளுங்கள்.

3. வெளிநாட்டுப் பரீட்சையானால், நீங்கள் போகவிருக்கும் பல்கலைக்கழகமோ நாடோ எந்தப் பரீட்சையை ஏற்கிறது என்று அவர்களுடைய அறிவித்தலிலேயே பாருங்கள். முகவரின் வாய்ச்சொல் போதாது.

4. ஒரு மாதிரிச் சோதனையாவது செய்து பார்க்கட்டும். பெரிய பரீட்சைகளுக்கு இலவச மாதிரிகள் கிடைக்கின்றன. கணினியுடன் பேசுவதும் ஒரு பழக்கமே.

5. வீட்டிலிருந்து எழுதும் சோதனையானால் நல்ல இணைப்பும் மின்சாரமும் அமைதியும் உள்ள இடத்தைத் தேடுங்கள். நூலகம், பாடசாலைக் கணினி அறை, உறவினர் வீடு எதுவானாலும் சரி. இடையில் வேறு ஆள் அறைக்குள் வந்தாலோ, பிள்ளை வேறு பக்கம் பார்த்தாலோ பரீட்சை செல்லாமற் போகலாம்.

6. பேசும்போது அவசரப்பட வேண்டாம். வெள்ளைக்காரரைப் போல் பேச முயலவும் வேண்டாம். சாதாரண வேகத்தில், வாக்கியத்தை முடித்து, வாயை நன்றாகத் திறந்து பேசினால் போதும். ஒரு சொல் பிழைத்தால் திரும்பத் திரும்பத் திருத்தாமல் அடுத்ததற்குப் போகட்டும்.

முடிவு பிழையென்று நினைத்தால்

முதலில் பிள்ளையை ஏசாதீர்கள். பிறகு இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

முடிவைத் தாளில் கேளுங்கள். முடியாவிட்டால் திரையைப் படமெடுத்து வையுங்கள். திகதி, நேரம், இடம், எந்தக் கருவி, இணைப்பு அறுந்ததா, சத்தம் இருந்ததா என்று அன்றே எழுதி வையுங்கள்.

மொத்தப் புள்ளியை மட்டும் பார்க்காமல் பகுதிகளைப் பாருங்கள். வாசிப்பும் எழுத்தும் உயர்ந்து, பேச்சு மட்டும் மிகக் குறைந்திருந்தால் ஒலிவாங்கியோ உச்சரிப்போ காரணமாக இருக்கலாம். அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

பிள்ளையை நன்கறிந்த ஆங்கில ஆசிரியரிடம் காட்டி அவரது கருத்தை எழுத்தில் கேளுங்கள். உள்ளூர் வகுப்பானால் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். இப்படி எழுதலாம்:

"எனது மகள் கடந்த திங்கட்கிழமை நடந்த ஆங்கில மட்டச் சோதனையில் ஏ1 மட்டத்தில் இருத்தப்பட்டுள்ளார். பேச்சுப் பகுதி கணினியால் மதிப்பிடப்பட்டதாக அறிகிறேன். சோதனை நேரத்தில் இணைப்பு இரண்டு முறை துண்டிக்கப்பட்டது. அவரது பாடசாலை ஆங்கில ஆசிரியரின் குறிப்பை இணைத்துள்ளேன். ஆசிரியர் ஒருவர் நேரில் பேசி மீண்டும் மதிப்பிடுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

கடிதத்தின் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். வெளிநாட்டுப் பரீட்சைகளில் மீள்மதிப்பீடு கேட்க நாள் எல்லையும் கட்டணமும் இருக்கும். முடிவு வந்த அன்றே விதிகளை வாசியுங்கள். கணினி போட்ட புள்ளியைக் கணினியே மீண்டும் பார்த்தால் மாறுவது அரிது. அப்படியானால் அந்தப் பணத்தை மனிதர் திருத்தும் வேறொரு பரீட்சைக்குச் செலவிடுவது நல்லதா என்று யோசியுங்கள்.

பிள்ளையின் குரலும் ஒரு சொத்து

இந்தச் சோதனைகள் பிள்ளையின் குரல், முகம், பெயர், பிறந்த திகதி, அடையாள ஆவணம் ஆகியவற்றைப் பதிந்துகொள்கின்றன. தாள்களை இழந்து மீண்டும் எடுத்தவர்களுக்கு அவற்றின் பெறுமதியைச் சொல்லித் தரத் தேவையில்லை. பதிவு எவ்வளவு காலம் வைக்கப்படும், யாருக்குக் கொடுக்கப்படும், அழிக்கச் சொல்லலாமா என்று கேளுங்கள். பெயர் தெரியாத இலவசச் செயலிகளில் அடையாள அட்டையின் படத்தை ஏற்ற வேண்டாம்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முற்றிலும் தானியங்கி முறையில் எடுக்கப்பட்ட, ஒருவரைப் பாதிக்கும் முடிவை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமையும் அதில் சொல்லப்பட்டுள்ளது. சட்டத்தின் பிரிவுகள் கட்டம் கட்டமாகவே நடைமுறைக்கு வருகின்றன. என்றாலும், "கணினி சொல்லிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று யாராவது சொன்னால், அது சட்டம் காட்டும் திசையல்ல என்று நீங்கள் அறிந்திருங்கள்.

எமது நிலைப்பாடு

திரும்பி வந்த பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தும் அனைவரிடமும் நாங்கள் கேட்பது ஒன்று. கணினியின் புள்ளியைப் பாருங்கள். ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு பிள்ளையைப் பின் வாங்கில் இருத்தாதீர்கள். ஓர் ஆசிரியர் பத்து நிமிடம் பேசிய பின்னரே மட்டத்தை முடிவு செய்யுங்கள். இரண்டு கிழமைக்குப் பின் மீண்டும் பாருங்கள், பொருந்தாவிட்டால் மாற்றுங்கள்.

பெற்றோராகிய உங்களிடம் கேட்பதும் ஒன்றுதான். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதற்காக இந்தக் கேள்விகளைக் கேட்கத் தயங்க வேண்டாம். புள்ளி எப்படி வந்தது, யார் போட்டது, மாற்ற வழி உண்டா என்று கேட்கத் தமிழே போதும். பிள்ளையின் முடிவுத் தாளையும் ஆசிரியரின் குறிப்பையும் எடுத்துக்கொண்டு எமது தகவல் மேசைக்கு வாருங்கள். கடிதம் எழுதவும், விதிகளை வாசித்து விளக்கவும் உதவுவோம். இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை.